வானொலி ஏரியலுக்கு நில இணைப்பு

சங்கக் கட்டடமும், அதிலுள்ள தளவாடங்களும், அங்கே அமர்ந்து வேலை செய்வோரின் உயிரும் அங்கத்தினர் அனைவரின் பொறுப்பாகும். கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தால் மகாசபையில் கேள்வி எழுப்பும் நாம், கூரைமீது கட்டிய ஏரியல் கம்பி எவ்வழியாக உள்ளே வருகின்றது, அது நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கின்றதா என்று கேட்பது அரிது. ஆய்வுக்காகச் செல்லும் இடங்களில் பத்திரங்களும் பதிவேடுகளும் ஒழுங்காக இருக்க, சன்னல் இடுக்கின் வழியே நுழைந்த ஏரியல் கம்பி மட்டும் யாதொரு காப்பும் இன்றி வானொலிப் பெட்டியில் முடிவதை நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே இம்மாதப் பாடத்திற்கு அதனையே பொருளாக எடுத்துக்கொள்கிறோம்.

வானொலியின் பயன்

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அன்று முதல் நம் பகுதி உழவருக்கும் நெசவாளருக்கும் அதன் குரல் பழக்கமானது. 1960களின் பிற்பகுதியில் ஆடுதுறை 27 என்னும் நெல் ரகத்தை அந்நிலையத்தின் பண்ணை ஒலிபரப்பு பரப்பிய விதத்தைக் கண்டு, தஞ்சைப் பகுதி உழவர்கள் அந்நெல்லுக்கே ‘ரேடியோ நெல்’ என்று பெயரிட்டு அழைத்தனர். ஒரு விதைக்கு அதனை அறிவித்த சாதனத்தின் பெயர் வாய்த்தது வானொலிக்குக் கிடைத்த நற்சான்று எனலாம்.

இன்று கைப்பேசி இருக்க வானொலி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயலை நம் மாவட்டத்தார் மறந்திருக்க முடியாது. தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் வீழ்ந்தன, பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை, கைப்பேசிக் கோபுரங்களும் செயலிழந்தன. இத்தகைய வேளையில் பேட்டரியால் இயங்கும் வானொலி ஒன்றே தொலைவிலிருந்து செய்தி தரவல்லது. மத்திய அலை ஒலிபரப்பு நிலத்தை ஒட்டிப் பரவி நெடுந்தொலைவு வருவதாகும். கான்கிரீட் கட்டடத்தின் உள்ளே அது மங்கிக் கேட்குமாயின், வெளியே உயரமாகக் கட்டிய ஏரியல் குறையைப் போக்கும். ஆனால் புயற்காலத்திற்கென்று கட்டிய ஏரியலே இடிமழைக்காலத்தில் அபாயமாக மாறலாகாது. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நம் மாவட்டத்தில் நிலக்கடலை வயலில் வேலை செய்துகொண்டிருந்த நான்கு பெண்கள் மின்னல் தாக்கி உயிரிழந்தனர். கோடை மழையிலும், ஐப்பசி மழைக்கு முன்பும் நம் வானம் எத்தகையது என்பதை வயலில் நிற்பவர் எவரும் அறிவர்.

கம்பியில் மின்சாரம் வரும் மூன்று வழிகள்

வெளியே உயரத்தில் கட்டப்படும் கம்பி ஏரியல் எனப்படும். அதிலிருந்து வானொலிப் பெட்டிவரை இறங்கி வருவது இறக்குக் கம்பி. இது வெறும் ஒற்றைக் கம்பியாக இருக்கலாம். நடுவே ஒரு கம்பியும் அதைச் சுற்றிச் செம்பு வலை உறையும் கொண்ட கோஆக்சியல் கேபிளாகவும் இருக்கலாம். டெலிவிஷன் தட்டு ஏரியலிலிருந்து வருவதும் இவ்வகைக் கேபிளே. ஆதலின் இப்பாடத்தில் சொல்லப்படுபவை தட்டு ஏரியல் வைத்திருப்போருக்கும் பொருந்தும்.

இக்கம்பியில் வேண்டாத மின்சாரம் மூன்று வழிகளில் சேருகின்றது. முதலாவது, வறண்ட காற்றும் புழுதியும் மழைத்துளிகளும் கம்பியில் உராய்ந்து சிறிது சிறிதாகச் சேர்க்கும் நிலைமின்னூட்டம். மின்னலே இல்லாத நாளிலும் இது சேர்ந்து பெட்டியின் உள்ளுறுப்புகளைக் கெடுக்கவல்லது. இரண்டாவது, சற்றுத் தொலைவில் எங்கோ விழுந்த மின்னலின் தூண்டுதலால் நம் கம்பியில் ஒரு கணம் எழும் மின்னழுத்தம். பெரும்பாலான பெட்டிகள் கெடுவது இதனால்தான். மூன்றாவது, மின்னல் நேரடியாகவே ஏரியலில் இறங்குவது. இது அரிது, ஆனால் நேர்ந்தால் பேரிழப்பு.

முதலிரண்டையும் சரியான நில இணைப்பு ஏறத்தாழ முழுமையாகத் தடுக்கும். மூன்றாவது நேர்ந்தால் பெட்டி தப்பாமற் போகலாம். எனினும் மின்னோட்டத்தின் பெரும்பகுதி வெளியிலேயே நிலத்தில் இறங்குமாதலின், உள்ளே இருப்போரும் கட்டடமும் தப்புவதற்கு வழி உண்டு.

ரிச்மன் இறந்த வரலாறு

நில இணைப்பின்றி வீட்டினுள் கொண்டுவரப்பட்ட கம்பி என்ன செய்யும் என்பதற்கு வானொலி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே சான்று உண்டு. மின்னலும் மின்சாரமே என்பதை அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் எடுத்துரைத்த பின், ஐரோப்பாவில் பலர் அதனைச் சோதிக்க முற்பட்டனர். ருஷ்ய நாட்டின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் கியோர்க் ரிச்மன் என்னும் அறிஞர் தம் வீட்டுக் கூரைமேல் ஓர் இரும்புக் கம்பியை நிறுத்தி, அதிலிருந்து ஒரு கம்பியை அறையினுள் கொண்டுவந்து, அங்கிருந்த அளவு கருவியில் முடித்தார். மின்னூட்டத்தை அளப்பதே நோக்கமாகையால் அக்கம்பியை நிலத்தோடு இணைக்கவில்லை. 1753ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இடிமழையின்போது கருவியைப் பார்க்கக் குனிந்தவரின் நெற்றியில் மின்சாரம் பாய்ந்தது. அவர் அந்த இடத்திலேயே உயிர் நீத்தார்.

அவருடைய ஏற்பாட்டையும், காப்பின்றிச் சன்னல் வழியே நுழையும் நம் ஏரியலையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறோம். உயரத்தில் ஒரு கம்பி, அதிலிருந்து அறைக்குள் ஓர் இறக்கம், நிலத்துக்கு வழியில்லை, முடிவில் ஒரு மனிதர். இரண்டும் ஒன்றே.

முதல் விதி: சுவருக்கு வெளியிலேயே நிலத்தில் இறக்குக

கண்மாய்க்கு மிகுதியாக வரும் வெள்ளத்தை வெளியேற்றக் கலிங்கு கட்டுவோர் அதனைக் கரையிலேயே கட்டுவர். தெருவுக்குள் வெள்ளம் வந்தபின் அதற்கு வடிகால் தேடுவார் இல்லை. இறக்குக் கம்பிக்கும் இதுவே முறை. சுவரைத் துளைத்து உள்ளே நுழையும் இடத்திற்கு வெளியில், தரைக்கு அருகில், அது நிலத்தோடு இணைக்கப்பட வேண்டும்.

கோஆக்சியல் கேபிளாயின் அதன் வலை உறையை நேராகவே எர்த் கம்பியோடு இணைக்கலாம். நடுக்கம்பியை அவ்வாறு இணைத்தால் ஒலிபரப்பும் நிலத்தில் போய்விடும். ஆதலின் அதற்கு அரெஸ்டர் என்னும் சிறு சாதனம் இடையில் வைக்கப்படுகின்றது. வாயு அடைத்த சிறு குழல் அதில் இருக்கும். தொண்ணூறு முதல் சில நூறு வோல்ட்வரை மின்னழுத்தம் ஏறினால் அவ்வாயு மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கி நிலத்தில் இறக்கிவிடும். மற்ற வேளைகளில் ஒலிபரப்பைத் தடுக்காது. ஒற்றைக் கம்பி ஏரியலுக்கும் அரெஸ்டர் வைக்க வேண்டும். வால்வுப் பெட்டிகளின் காலத்தில் பலர் வைத்திருந்த இருபக்கக் கத்திச் சுவிட்சும் நல்லதே. ஒரு பக்கம் தள்ளினால் ஏரியல் பெட்டியோடு சேரும். மறுபக்கம் தள்ளினால் நிலத்தோடு சேரும். ஆனால் அது சுவருக்கு வெளியில், மழை படாத பெட்டியில் இருக்க வேண்டும்.

உள்ளே வந்தபின் இணைத்தால் என்ன குறை? மின்னலின் மின்னோட்டம் சாதாரணமாக 30,000 ஆம்பியர் அளவினது. அது மைக்ரோ விநாடி ஒன்றுக்கு 10,000 ஆம்பியர் வீதம் ஏறுவதாகக் கொள்வோம். நேரான கம்பி ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு மைக்ரோ ஹென்றி தூண்டல் உடையது. அவ்வாறாயின் மீட்டர் ஒன்றுக்கு 10,000 வோல்ட் எழும். அறைக்குள் ஆறு மீட்டர் சுற்றிச் சென்று நிலத்தை அடையும் கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே 60,000 வோல்ட் வேறுபாடு நிற்கும். அக்கம்பியிலிருந்து மேசைக்கும் மனிதருக்கும் பொறி தாவுவது இதனாலேயே. கம்பி எவ்வளவு தடிப்பாயினும் இது பெரிதாகக் குறையாது. நீளம் குறைந்தால்தான் குறையும். ஆகவே எர்த் கம்பி குறுகியதாகவும், நேரானதாகவும், சுருளோ கூர்மையான மடிப்போ இல்லாததாகவும் இருத்தல் அவசியம்.

இரண்டாம் விதி: இரு நில இணைப்புகளையும் ஒன்றாகச் சேர்க்க

பலர் அறியாதது இவ்விதியே. அறியாமையால் விளையும் கேடும் இங்கேதான் மிகுதி. ஏரியலுக்கென்று தனியே ஓர் எர்த் ராடு அடித்துவிட்டால் போதும் என்று எண்ணுகின்றனர். கட்டடத்தின் மின்சார மீட்டருக்கு அருகே வேறோர் எர்த் ஏற்கெனவே இருக்கின்றது. இவ்விரண்டும் சேராமல் இருந்தால் என்ன நேரும்?

மரத்தடியில் ஒதுங்கிய மாடு, மின்னல் மரத்தில் விழுந்தபோது தன்மேல் விழாமலே இறந்துபோவதை உழவர்கள் கண்டிருப்பர். மின்சாரம் மரத்தின் அடியிலிருந்து மண்ணில் பரவும்போது, அருகிலுள்ள மண்ணில் மின்னழுத்தம் மிகுந்தும் தொலைவில் குறைந்தும் நிற்கும். மாட்டின் முன்கால்கள் ஓரிடத்திலும் பின்கால்கள் வேறிடத்திலும் ஊன்றியிருப்பதால், அவ்வேறுபாடு அதன் உடலின் வழியாகவே பாய்கின்றது. இரண்டு தனித்தனி எர்த் கொண்ட வானொலிப் பெட்டியும் அம்மாட்டின் நிலையிலேயே இருக்கின்றது. அதன் ஒரு கால் ஏரியலின் எர்த். மறுகால் மின்சார பிளக்கின் வழியே செல்லும் கட்டடத்தின் எர்த்.

எர்த் ராடின் மின்தடை 10 ஓம் என்றே வைத்துக்கொண்டாலும், 30,000 ஆம்பியர் இறங்கும்போது அதன் மின்னழுத்தம் கணக்குப்படி 3 லட்சம் வோல்ட் ஆகும். கட்டடத்தின் எர்த் அவ்வாறு உயராமல் நின்றால், அவ்வளவு வேறுபாடும் பெட்டியின் வழியே தீரப் பார்க்கும். இரண்டு எர்த்துகளையும் தடித்த செம்புக் கம்பியால் வெளிப்புறமாகவே சேர்த்துவிட்டால், இரண்டும் ஒன்றாக உயர்ந்து ஒன்றாகத் தாழும். வேறுபாடு குறையவே, பெட்டியின் வழியே பாய்ச்சலும் குறையும்.

அமெரிக்க நாட்டின் தேசிய மின்விதித் தொகுப்பு தன் 810ஆம் பிரிவில் இந்த இரண்டாம் விதியைக் கட்டாயமாக்கியிருக்கின்றது. ஏரியலின் எர்த் கம்பி ஏறத்தாழ 2.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புக்குக் குறையக்கூடாது. இரு எர்த்துகளைச் சேர்க்கும் கம்பி ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புக்குக் குறையக்கூடாது என்பன அதன் அளவுகள். நம் நாட்டில் எர்த் அமைக்கும் முறைகளுக்கு ஐ.எஸ். 3043 என்னும் தரவிதி உண்டு. மின்பணியாளரிடம் அதன்படி செய்யுமாறு கேட்கலாம்.

நம் மண்ணில் எர்த் அமைப்பது எங்ஙனம்?

நம் மாவட்டத்து மண் எங்கும் ஒன்றுபோல் இல்லை. குடுமியான்மலை, நார்த்தாமலை, விராலிமலைப் பக்கங்களில் பாறையும் சரளையும் மிகுதி. பல இடங்களில் செம்புறாங்கல். மணமேல்குடி, மீமிசல் கரையோரத்தில் உப்பு ஈரம். எர்த்தின் தன்மையும் இதற்கேற்ப மாறும். 2.4 மீட்டர் நீளமும் 16 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள ராடை ஈரக் களிமண்ணில் அடித்தால் மின்தடை 8 ஓம் அளவில் கிடைக்கும். நடுத்தர மண்ணில் 40 ஓம். காய்ந்த சரளை மண்ணில் 400 ஓம்வரை ஏறிவிடும். ராடு ஒன்றேயாயினும், மண்ணுக்கு ஏற்பப் பலன் ஐம்பது மடங்குவரை வேறுபடுவதைக் காண்க.

பாறை தட்டுப்பட்டு ராடு இறங்காத இடத்தில் அதை வெட்டிக் குட்டையாக்குவதில் பயனில்லை. அரை மீட்டர் ஆழத்தில் வாய்க்கால் போல் தோண்டி, செம்புக் கம்பியைக் கிடையாகப் புதைக்க வேண்டும். நடுத்தர மண்ணில் 15 மீட்டர் நீளக் கம்பியைப் புதைத்தால் 13 ஓம் அளவே வரும். இது அதே மண்ணில் அடித்த ஒற்றை ராடின் தடையில் மூன்றில் ஒரு பங்கு. ஒரே திசையில் நீட்டுவதைவிட இரண்டு மூன்று கிளைகளாகப் பிரித்து இடுவது மின்னலுக்கு ஏற்றது. ராடு இறங்கும் இடத்தில் இரண்டு ராடுகள் அடிப்பதானால், ஒன்றுக்கொன்று ராடின் நீளத்தைப்போல் இரு மடங்கு தள்ளி அடிக்க வேண்டும்.

கரியும் உப்பும் இட்ட எர்த் குழி நமக்குப் பழக்கமானது. உப்பு தடையைக் குறைக்கும். ஆயின் மழையில் கரைந்து போவதோடு உலோகத்தையும் அரிக்கும். கரையோர ஊர்களில் மண்ணே உப்பாதலின் மேலும் உப்பிட வேண்டுவதில்லை. அங்கே அரிப்பைத்தான் ஆண்டுதோறும் கவனிக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் மண் காயும்போது குழிக்கு நீர் ஊற்றி வருக. தண்ணீர்க் குழாயில் எர்த் கம்பியைச் சுற்றுவது இரும்புக் குழாய்க் காலத்து வழக்கம். பிளாஸ்டிக் குழாய்க்கு அது உதவாது.

இணைப்புகளைப் பித்தளைக் கிளாம்பால் இறுக்குக. ஈயப்பற்று மட்டும் இட்டால் மின்னலின் வெப்பத்தில் உருகிவிடும்.

ஒலித் தெளிவும் கிடைக்கும்

இவ்வேற்பாட்டால் அன்றாடம் பெறும் நன்மையும் ஒன்று உண்டு. விசைத்தறி மோட்டார், எல்.இ.டி. விளக்கு, கைப்பேசி சார்ஜர் முதலியவை எழுப்பும் மின்னிரைச்சல் கட்டடத்தின் கம்பிகள் வழியே பரவி, கேபிளின் வலை உறையைப் பற்றிக்கொண்டு ஏரியலை எட்டுகின்றது. பெட்டியில் கரகரப்பாகக் கேட்கின்றது. கேபிள் நுழையும் இடத்திலேயே உறை நிலத்தோடு சேர்ந்திருந்தால், இரைச்சலின் பெரும்பகுதி அங்கேயே இறங்கிவிடும். தறிக்கூடத்தை அடுத்துள்ள சங்க அலுவலகங்களுக்கு இது மிகவும் பயன்படும்.

எச்சரிக்கைகள்

மின்சாரக் கம்பிகளுக்கு மேலோ கீழோ ஏரியலை இழுக்கலாகாது. ஏரியல் கம்பம் எப்பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தொலைவில் நிற்க வேண்டும்.

ஏ.சி., டி.சி. இரண்டிலும் இயங்கும் பழைய வால்வுப் பெட்டிகளில், உள்ளேயுள்ள உலோகத் தட்டு நேராகவே மின்சாரத்தோடு சேர்ந்திருக்கும். அத்தட்டில் எர்த் கம்பியைக் கட்டினால் உயிருக்கே அபாயம். இவ்வகைப் பெட்டியைத் தேர்ந்த பழுதுபார்ப்பவர் பார்வையிடாமல் உபயோகிக்க வேண்டாம்.

இறக்குக் கம்பி சுவரில் நுழையுமுன் துளைக்குக் கீழே சற்றுத் தொங்கி மேலேறுமாறு விடுக. மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

மின்னல் கண்டு 30 விநாடிகளுக்குள் இடி கேட்குமாயின், மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கின்றது என்பது பொருள். அதற்கு முன்பே ஏரியலையும் மின்சார பிளக்கையும் பெட்டியிலிருந்து கழற்றியிருக்க வேண்டும். இடி தொடங்கியபின் கம்பியைத் தொடலாகாது. கழற்றிய கம்பியின் முனையை அறைக்குள் தொங்க விடுவதும் கூடாது; ரிச்மனின் அறையில் இருந்தது அத்தகைய முனையே. கடைசி இடிக்குப்பின் 30 நிமிடம் கழித்தே மீண்டும் இணைக்கலாம்.

சங்கம் செய்ய வேண்டுவது

ஏரியல், அரெஸ்டர், எர்த் ஆகியவற்றைத் தளவாட இருப்புப் பதிவேட்டில் தனித்தனியே பதிவு செய்க. கண்ணுக்குத் தெரியாத மண்ணடிப் பொருள் என்று விட்டுவிட்டால், பழுதானதும் எவருக்கும் தெரியாது. ஆண்டுதோறும் கோடை மழைக்கு முன்பாக, பங்குனியில், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு எர்த்தின் தடையை அளந்து, எண்ணைத் தேதியோடு எழுதி வைக்க நிர்வாகக் குழு தீர்மானம் செய்யலாம். சென்ற ஆண்டைவிட எண் மிகவும் ஏறியிருந்தால், இணைப்பு அரித்துவிட்டது அல்லது மண் காய்ந்துவிட்டது என்று அறிந்து உடனே திருத்துக. இதற்காகும் செலவைச் சங்கத்தின் பாதுகாப்புச் செலவாகவே கருத வேண்டும்.

படிப்பு வட்டத்தில் கலந்து பேசுவதற்கு

1. நம் சங்கக் கட்டடத்தில் இறக்குக் கம்பி எவ்விடத்தில் நுழைகின்றது? அவ்விடத்திற்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை மீட்டர்?

2. ஏரியலின் எர்த்தும் மின்சார மீட்டரின் எர்த்தும் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா?

3. நம் ஊர் மண்ணுக்கு ராடு ஏற்றதா, கிடைக் கம்பி ஏற்றதா? கிணறு தோண்டிய அங்கத்தினர் ஒருவரைக் கேட்டறிக.

4. இடி கேட்டவுடன் பெட்டியைக் கழற்றும் பொறுப்பு யாருடையது? அவர் இல்லாத நாளில் யார் செய்வது?

இந்நான்குக்கும் விடை எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டிவைக்கும் சங்கம், அடுத்த இடிமழையை அச்சமின்றி எதிர்கொள்ளலாம்.